மாமனார் எழுதிய தீவு, மருமகள் எழுதிய தீவு

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, மாலைக் காபிக்கு அடுப்பைப் பற்ற வைக்கும் வரை எனக்கென்று ஒரு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வது என் வழக்கம். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனவள்தான் நான். படிக்கிற ஆசை மட்டும் நிற்கவில்லை.

போன தடவை லீவில் வந்திருந்த என் அக்கா மகள், அயர்லாந்தில் நர்ஸாக வேலை பார்க்கிறவள், எல்லோருக்கும் சாக்லேட்டும் சோப்பும் கொடுத்துவிட்டு என்னிடம் மூன்று புத்தகங்களை நீட்டினாள்.

"சித்தி, உங்களுக்கு இதுதான். ஒரு குட்டித் தீவிலே இருந்த ஜனங்க எழுதினது. மீன் பிடிச்சது, உருளைக்கிழங்கு போட்டது, பிள்ளை வளர்த்தது, அவ்வளவுதான் கதை."

"இங்கிலீஷாச்சே, எனக்கு ஓடுமா?"

"ரெண்டு புத்தகம் மொழிபெயர்ப்பு. மூணாவதை எழுதின அம்மாவுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. தைரியமாப் படிங்க."

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். நான் ஒரு பக்கம் படித்தால் என் மாமியாருக்கு அரைப் பக்கமாவது சொல்லியாக வேண்டும். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டே, "நீ மட்டும் படிச்சாப் போதுமா, எனக்கும் சொல்லு" என்பார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளால்தான் இந்தப் புத்தகங்களை நான் சரியாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

தீவின் பெயர் கிரேட் பிளாஸ்கெட். அயர்லாந்தின் மேற்குக் கோடியில், கெர்ரி என்ற மாவட்டத்துக் கரைக்கு எதிரே இருக்கிறது. நீளம் சுமார் 6 கிலோமீட்டர்; அகலம் அதில் ஒரு சிறு பங்குதான். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மலை. எதிர்க்கரைக்கும் தீவுக்கும் இடையே உள்ள கடல் குறுகலான இடத்தில் சுமார் 2 கிலோமீட்டர்தான். ஆனால் அலையும் நீரோட்டமும் சேர்ந்துகொண்டால் வாரக்கணக்கில் படகு போக முடியாது. படகும் கனமான படகு இல்லை. மெல்லிய மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டித் தார் பூசியது. அதிலேதான் ஆடு, மாவு மூட்டை, கல்யாணப் பெண், சவப்பெட்டி எல்லாம் கடல் தாண்டும். 1916-ல் 176 பேர் அங்கே வாழ்ந்தார்கள். கடை இல்லை, கோயில் இல்லை, டாக்டர் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்று மட்டும் இருந்தது.

அத்தை முதலில் கேட்டது, "தண்ணிக்கு?"

"ஊற்றுக் கிணறு இருந்துச்சு அத்தை. பொம்பளைங்க எல்லாம் அங்கேதான் கூடிப் பேசுவாங்களாம்."

"அது சரி. அடுப்புக்கு?"

அதுதான் கஷ்டம். தீவில் மரமே கிடையாது. மலை மேலே செடிகொடிகள் நூற்றாண்டுக் கணக்கில் மக்கி இறுகிப்போன ஒருவகை மண் உண்டு. டர்ஃப் என்கிறார்கள். அதைச் செங்கல் மாதிரி வெட்டி எடுத்து, காற்றில் காயவைத்து, கழுதையின் இரு பக்கமும் கூடை கட்டி இறக்கி வர வேண்டும். கழுதை இல்லாவிட்டால் முதுகில். இரவு அந்தக் கங்கைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் கிளறி ஊதி மறுபடி மூட்ட வேண்டும்.

"நாங்களும் அப்படித்தான் நெருப்பைக் காப்பாத்தி வைப்போம்," என்றார்கள் அத்தை. அதோடு அந்தத் தீவு அவர்களுக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

முதல் புத்தகத்தை எழுதியவர் தோமாஸ் ஓ க்ரோஹன் என்ற மீனவர். ஐரிஷ் மொழியில் 1929-ல் வந்தது. 1934-ல் இங்கிலீஷில் மொழிபெயர்க்கப்பட்டது. தலைப்பு 'தீவுக்காரன்' என்று பொருள்படும். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இங்கிலீஷ். வீட்டில் பேசுகிற ஐரிஷ் மொழியை எழுதப் படிக்க அவர் கற்றுக்கொண்டபோது வயது நாற்பதை ஒட்டி இருக்கும். காற்று அடங்கட்டும் என்று எதிர்க்கரையில் காத்துக் கிடந்த நாட்களில், அங்கே குழந்தைகள் ஐரிஷ் பாடம் படிப்பதைக் கேட்டுக் கேட்டுத் தானும் பழகினாராம். பின்னால் 1917-ல் தீவுக்கு வந்த பிரையன் ஓ கெல்லி என்ற படித்த இளைஞர், பிரெஞ்சு எழுத்தாளர் லோத்தி மீனவர்களைப் பற்றி எழுதியதையும், கார்க்கி எழுதியதையும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். சாதாரண ஜனங்களின் வாழ்க்கையும் புத்தகமாகும் என்று தெரிந்த பிறகுதான், "அப்படியானால் நானும் எழுதலாமே" என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்கிறது. அதைப் படித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதுக்கு மேலே எழுத உட்கார்ந்தவர்!

புத்தகத்தில் சிரிப்புக்குக் குறைவில்லை. கூரை வீடுகள் தாழ்வானவை. கோழிகள் கூரை மேலேறி அங்கேயே கூடு கட்டி முட்டையிடும். ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூரையிலிருந்து கோழிக்குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று சாப்பாட்டின் மேல் விழுந்த கதையை அத்தையிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்று தேயிலைக் கதை. ஒரு கப்பல் உடைந்து தேயிலைப் பெட்டிகள் கரை ஒதுங்கின. தீவில் யாருக்கும் அது என்னவென்றே தெரியாது. ஒரு பெண்மணி அதைக் கொதிக்க வைத்துப் பாவாடைக்குச் சாயம் போட்டுக்கொண்டாளாம்! பிற்காலத்தில் அதே தீவு டீ இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. காபி, டீக்கு நாம் அடிமையான கதையும் ஏறக்குறைய இதுதானே!

அவருடைய கல்யாணமும் நமக்குப் புரிகிற கல்யாணம்தான். அவர் மனதில் பக்கத்துத் தீவுப் பெண் ஒருத்தி இருந்தாள். அக்கா வந்து, "உறவு கிட்டத்தில் இருக்க வேண்டும், ஆத்திர அவசரத்துக்கு உதவ வேண்டும்" என்று எடுத்துச் சொல்லி வேறு பெண்ணை முடித்துவைத்துவிட்டாள். 1878-ல் கல்யாணம் நடந்தது. மனைவியைப் பற்றி அவர் எழுதியிருப்பது மிகக் குறைவு. மேஜையில் உருளைக்கிழங்கும் மீனும் வந்துகொண்டே இருக்கின்றன. யார் தோண்டி, யார் கழுவி, யார் வேகவைத்தது என்று அதிகம் தெரியவில்லை. ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். தான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காக அம்மா டர்ஃப் சுமந்ததை அவர் மறக்காமல் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

"பிரசவம் யார் பாத்தாங்க?" இது அத்தையின் அடுத்த கேள்வி.

மேய்னி என்று ஒரு அம்மாள் பல வருடங்கள் அந்தத் தீவில் மருத்துவச்சியாக இருந்திருக்கிறார். அவரைப் பற்றியும் பின்னால் தனியாக ஒரு புத்தகம் வந்ததாம். பிள்ளையைப் பெற்றெடுப்பதை எப்படியோ சமாளித்துவிட்டார்கள். வளர்ப்பதுதான் பாடாக இருந்திருக்கிறது.

தோமாஸுக்குப் பத்துக் குழந்தைகள். ஒரு சிறுவன் கடல்பறவைக் குஞ்சு பிடிக்கப் போய்ச் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்தான். தட்டம்மை வந்தபோதும் கக்குவான் இருமல் வந்தபோதும் ஒன்றிரண்டாகப் போயின. வளர்ந்த பையன் ஒருவன், 1909-ல் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றப் பாய்ந்து தானும் மூழ்கினான். அப்புறம் மனைவி. இத்தனையையும் அவர் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறார். நான் சொல்லி முடித்ததும் அத்தை கீரைத் தண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். நானும் அன்று மேலே படிக்கவில்லை.

இளம் தாய்மார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அந்தத் தட்டம்மைக்கும் கக்குவானுக்கும் இன்று நம் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். கக்குவானுக்கான ஊசி குழந்தையின் 6, 10, 14-வது வாரங்களில். தட்டம்மைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று. பிறகு போடுகிற பூஸ்டர்களும் உண்டு. "ஊசி போட்டால் காய்ச்சல் வருதே" என்று தள்ளிப்போடுகிறவர்கள் அந்தச் சில வரிகளைப் படித்தால் தள்ளிப்போட மாட்டார்கள்.

இரண்டாவது புத்தகம் பெக் சேயர்ஸ் என்ற அம்மாளுடையது. 1936-ல் வந்தது. பெக் எதிர்க்கரையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். அமெரிக்கா போன தோழி கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புவாள் என்று காத்திருந்தார். தோழிக்குக் கையில் அடிபட்டு வேலை போனதால் பணம் வரவில்லை. ஒரு நாள் இரவு தீவிலிருந்து மூன்று ஆண்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மூவரில் மாப்பிள்ளை யார் என்று தெரியவில்லை! அப்பா கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டார். இது நடந்தது 1892-ல்.

அத்தை சிரித்தார்கள். "எனக்காவது இவருதான்னு முன்னாடியே காட்டினாங்க," என்றார்கள்.

பெக் அம்மாவுக்குத் தாய்மொழியில் எழுதத் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தால் கதை. ராத்திரி ஆனால் அவர் வீட்டில் ஊரே கூடும். பிற்காலத்தில் நாட்டுக் கதைகள் சேகரிக்க வந்தவர்கள் நூற்றுக்கணக்கான கதைகளை அவரிடமிருந்து எழுதி எடுத்துப் போனார்கள். டப்ளினிலிருந்து வந்த மாரி நி கின்னேதி என்ற பெண்மணிதான், "உன் கதையையே சொல்லேன்" என்று தூண்டியது. அம்மா சொல்லச் சொல்ல மகன் எழுதினான். அப்படி உருவானதுதான் இந்தப் புத்தகம்.

இவருக்கும் பிள்ளைச் சோகம் உண்டு. 1920-ல் ஒரு மகன் வீட்டு அடுப்புக்கு எரிக்கப் புதர்ச்செடி பிடுங்க மலைக்குப் போனான். பிடுங்கிய செடி கையோடு வந்துவிட, பாறை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தான். அந்த உடலைத் தாயே தன் கையால் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளை. கேஸ் அடுப்பைத் திருகும்போது இப்போதும் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

அயர்லாந்தில் பல வருடங்கள் இது பள்ளிக்கூடப் பாடப் புத்தகமாக இருந்ததாம். "அழுமூஞ்சிப் புத்தகம்" என்று பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்களாம். அக்கா மகளின் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு வயதான நர்ஸ் சொன்னாளாம், "பரீட்சைக்காகப் படித்தபோது வெறுத்தேன். நான் தாயான பிறகு தேடி எடுத்துப் படித்தேன்" என்று. இருக்கும்.

மூன்றாவது புத்தகம்தான் எனக்கு மிகவும் நெருக்கமாகிவிட்டது. அது புத்தகம் என்று நினைத்து எழுதப்பட்டதே இல்லை. கடிதங்கள். எழுதியவள் பெயர் எய்லீஷ். ('அவள்' என்று எழுதுகிறேனே என்று கோபிக்காதீர்கள். படிக்கப் படிக்க ஒரு தங்கை மாதிரி ஆகிவிட்டாள்.) 1931-ல் லண்டனிலிருந்து தீவைப் பார்க்க வந்த ஜார்ஜ் சேம்பர்ஸ் என்பவருக்கு அவள் கடிதம் எழுத ஆரம்பித்தாள். இருபது வருடங்கள் எழுதினாள். 1978-ல் அவை புத்தகமாக வந்தன. அவள் தன் தாய்மொழியில் எழுதவில்லை; பள்ளியில் கற்ற இங்கிலீஷில் எழுதினாள். அதனால் வாக்கியங்கள் நேராக இருக்கின்றன. அகராதி அதிகம் தேவைப்படவில்லை.

1933-ல் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை யார் தெரியுமா? முதல் புத்தகம் எழுதிய தோமாஸின் மகன் ஷான். அதாவது, அந்தப் பெரிய எழுத்தாளர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள் இவள். கடைசிக் காலத்தில் மாமனாரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவளும் இவள்தான். அவர் 1937-ல் காலமானார்.

இதைச் சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அட, ஒரே வீட்டிலேயே ரெண்டு பேரா?"

ஆமாம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. மாமனார் எழுதியதில் புயல், படகு, கடல்நாய் வேட்டை, சிங்கி இறால், திருவிழாக் குடி. மருமகள் எழுதியதில் இன்று என்ன வானிலை, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் அமெரிக்கா போனார்கள், கிறிஸ்துமஸ் எப்படிக் கழிந்தது என்பவை. மாமனார் ஒரு வாழ்க்கை மறைந்துபோகும் முன் அதைப் பிடித்து வைக்க எழுதினார். மருமகள் அது மறைந்துகொண்டிருக்கும்போதே நாளுக்கு நாள் எழுதினாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வீடு முழுசாகத் தெரிகிறது.

தீவில் மீன் வியாபாரம் நொடித்தது. இளசுகள் ஒவ்வொருவராக அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெண்களும் போனார்கள். போனவள் காசு அனுப்பித் தங்கையைக் கூப்பிட்டுக்கொள்வாள். எதிர்க்கரைப் பெண்கள் தீவுக்கு வாழ்க்கைப்பட முன்வரவில்லை. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து 1941-ல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். எய்லீஷுக்கு ஒரு சின்னப் பெண் இருந்தாள். 1942-ல் கணவனும் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்குக் குடிபோய்விட்டார்கள். பெக் அம்மாவும் அதே வருடம் தீவை விட்டார்.

"மாமனார் புத்தகம் எழுதிப் பேர் வாங்கின ஊரு. அதை விட்டுட்டு வர மனசு வந்துச்சா அவளுக்கு?" என்று கேட்டார்கள் அத்தை. பிறகு அவர்களே, "பிள்ளைக்காக வந்திருக்கா. பின்னே?" என்று முடித்துக்கொண்டார்கள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோடையில் வந்து தங்கிய படித்தவர்களுக்கு அந்தத் தீவு சொர்க்கம். பாட்டு, கதை, நீலக்கடல். அவர்களுக்கு அது அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசை. குளிர்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியவள் தாய். அவள் எடுத்த முடிவைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

அவள் பயந்தது வீண் பயம் இல்லை. 1946-47 குளிர்காலத்தில், தீவில் 24 வயது இளைஞன் ஒருவன் மூளைக்காய்ச்சலில் விழுந்தான். தீவுக்கு வந்திருந்த டெலிபோன் வேலை செய்யவில்லை. கடல் கொந்தளிப்பு. டாக்டரும் வர முடியவில்லை, பாதிரியாரும் வர முடியவில்லை. அவன் இறந்துபோனான். சவப்பெட்டி கொண்டுவரக்கூடக் கடல் வழிவிட வேண்டியிருந்தது. அந்த ஏப்ரலில் சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துபோய், நாட்டின் பிரதமர் டி வலேராவுக்கே தந்தி கொடுத்தார்கள். கடைசியில் 1953 நவம்பர் 17 அன்று தீவைக் காலி செய்கிற வேலை ஆரம்பித்தது. அப்போது மிஞ்சியிருந்தவர்கள் 22 பேர். எதிர்க்கரையில் அவர்களுக்கு வீடும் நிலமும் கொடுக்கப்பட்டன. இன்று கோடையில் சுற்றுலாப் படகில் போய் இடிந்த சுவர்களைப் பார்த்துவிட்டு வரலாமாம்.

ஒரு புயலோ ஒரு சட்டமோ அந்தத் தீவைக் காலி செய்துவிடவில்லை என்பதைத்தான் இந்தப் புத்தகங்களிலிருந்து நான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு அடுப்பங்கரையிலும் ஒரு தாயும் தகப்பனும் "இனி பிள்ளைக்கு இங்கே முடியாது" என்று இரவில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அது சரித்திரப் புத்தகத்தில் வராது. மருமகளின் கடிதத்தில்தான் வரும்.

கடிதங்களைப் படித்து முடித்த அன்று மாலை அத்தை ரொம்ப நேரம் திண்ணையிலேயே இருந்தார்கள். விளக்கு வைத்துவிட்டு வந்து கூப்பிட்டேன்.

"அந்த மீன்காரருக்குத் தட்டம்மையிலே பிள்ளை போச்சுன்னு சொன்னியே," என்றார்கள். "எனக்கும் ஒண்ணு அப்படித்தான் போச்சு. உன் வீட்டுக்காரருக்கு மூத்தது. பொண்ணு."

ஒரு குழந்தை தவறிவிட்டது என்று கல்யாணமான புதிதில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

"ஒண்ணேகால் வயசு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிருந்தா. பேர் வச்சிருந்தோம்."

"என்ன பேர் அத்தை?"

சொன்னார்கள். இந்த வீட்டில் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டிராத பெயர்.

பால் கணக்கு எழுதுகிற நோட்டை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினேன். "எதுக்கு எழுதறே?" என்று கேட்டார்கள். "எழுதி வைக்கிறேன் அத்தை," என்றேன். "சரி, அப்போ இதையும் எழுதிக்கோ," என்று அந்தக் குழந்தை பிறந்த மழைக்காலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். அன்று இரவுச் சாப்பாடு அரை மணி தாமதமாயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தினமும் மத்தியானம் ஒரு பக்கம் எழுதுகிறோம். அவர்கள் சொல்ல, நான் எழுதுகிறேன். பால் கணக்குக்கு வேறு நோட்டு வாங்கியாகிவிட்டது.